ஒன்றுமில்லாததைப் பதிவு செய்தல்

இரண்டாம் ஆண்டு, வானொலித் தயாரிப்பு, மூன்றாம் பயிற்சி:
ஒன்றுமில்லாததைப் பதிவு செய்து வா.
ஒரு நிமிடம் போதும்.

சுலபம் என்றுதான் நினைத்தோம் யாஸ்னாவும் நானும்.
பேட்டி இல்லை, கேள்வி இல்லை,
யார் வாசலிலும் மைக்கோடு நிற்க வேண்டியதில்லை.
பேச்சை வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட
அந்தந்த அறையின் மௌனம் வேண்டும்,
இல்லாவிட்டால் கேட்பவர் காதுக்குள்
குழி விழும் என்கிறது பாடக்குறிப்பு.

வால்பராய்சோவில்
ஒன்றுமில்லாத இடம் எது?

யாஸ்னாவின் அறையில் ஜன்னலை அடைத்து
போர்வை தொங்கவிட்டு
ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினோம்
(ஐஸ்கிரீம் உருகியதற்கு
அவள் அம்மா தனியாக வழக்கு நடத்தினாள்).
நாற்பத்தோராவது நொடியில்
சிலிண்டரை இரும்பால் தட்டிக்கொண்டு
கேஸ்காரன் தெருவில் திரும்பினான்.
டிங் டிங் டடங்.
அடுத்த முறை ஒரு நாய்.
அதற்கடுத்த முறை
அந்த நாய்க்குப் பதில் சொன்ன
அத்தனை குன்றுகளின் நாய்களும்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினோம்.
இறந்தவர்கள் ஒத்துழைத்தார்கள்,
காற்று ஒத்துழைக்கவில்லை.
கீழே துறைமுகத்தில் கடற்சிங்கங்கள்
பந்தியில் இடம் கிடைக்காத
மாப்பிள்ளை வீட்டார் போலக் கத்தின.
நூலகத்தில் ட்யூப்லைட் முனகியது.
ஹெட்ஃபோனை மாட்டிய பிறகுதான் தெரிந்தது
நான் மூச்சுவிடுவதே
எவ்வளவு பெரிய தொந்தரவு.

வியாழன் மாலை. ஒப்படைக்க ஓர் இரவு பாக்கி.
குன்றேறும் கிழட்டு விஞ்ச்
பாதி வழியில் நின்றது.
கரண்ட் போய்விட்டது.
மரப்பெட்டிக்குள் பதினோரு பேர்,
காலடியில் தண்டவாளம்,
அதற்கும் கீழே யாரோ காயப்போட்ட சட்டைகள்.
நகராட்சியைத் திட்ட ஒருவர் தொண்டையைச் செருமினார்.

யாஸ்னா ரெக்கார்டரை எடுத்துவிட்டாள்,
வெட்கம் கெட்டவள்.
ஒரே ஒரு நிமிஷம்
யாரும் பேசாமல் இருக்க முடியுமா,
எனக்கு மார்க் வேணும்.

எதைப் பதிவு பண்றே?

ஒன்றுமில்லாததை.

நிபால்டோ என்று சட்டைப் பையில்
பெயர் தைத்திருந்த மெக்கானிக்
அதுக்கு ஒரு மெஷினா என்றார்.
ஆனால் அவர்தான் முதலில் வாயை மூடினார்.

சிவப்பு விளக்கு.
சூடு தணியும் கம்பி எங்கோ டிக்கிட்டது.
மீன் பையிலிருந்து ஒரு சொட்டு.
ஒரு சிறுமி மிட்டாயை
வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினாள்,
பல்லில் பட்டுப் பட்டு அது போனது.
நிபால்டோவின் வயிறு நீளமாக ஏதோ கேட்டது.
யாரும் சிரிக்கவில்லை.
இன்னொரு சொட்டு.
நிமிடம் முடிந்தது எனக்குத் தெரியும்,
யாஸ்னாவுக்கும் தெரியும்,
அவள் கையை இறக்கவில்லை.
நேரம் கேட்கவும் யாருமில்லை.
இரண்டு நிமிடம் பதினேழு நொடியில்
பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது,
பதினோரு பேரும்
ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

ஏழுக்கு நான்கு புள்ளி ஒன்று.
மயிரிழையில் தேர்ச்சி.
'பின்னணி இரைச்சல் மிகுதி.
யாருக்கோ பசிக்கிறது.'

இது நடந்து ஒரு வருடம்.
பல்கலைக்கழக வானொலியில்
செவ்வாய் இரவு எங்கள் நேரம்.
துறைமுக அதிகாரி ஒருவரைப் பேட்டி கண்டேன்.
எத்தனை பேரை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள்
என்றதும் அவருக்கு இருமல் வந்தது,
நிற்காத இருமல்.
வெட்டினேன்.
குழி விழுந்தது.
அவர் அறையின் மௌனத்தை
எடுத்துவர மறந்திருந்தேன்.

பழைய கோப்பைத் திறந்து
இரண்டு நொடி கத்தரித்து ஒட்டினேன்.
தப்புத்தான், எந்த ஆசிரியரும் ஒப்பமாட்டார்.
ஆனால் ஒலிபரப்பானபோது
என் கேள்விக்கும் அவருடைய
'அப்படி ஏதும் இல்லை'க்கும் நடுவே
அந்தப் பெட்டி வந்து நின்றது,
ஆட்களோடு.

ஒருவரும் போன் செய்யவில்லை.
ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சாண்ட்விச் கடித்துக்கொண்டிருந்த யாஸ்னா மட்டும்
தலையை நிமிர்த்தினாள்.
என்னையே பார்த்து
சத்தம் வராமல் உதட்டை அசைத்தாள்:

மீன் சொட்டுது.